"வரி உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்பவருக்கு என்ன பதில்?

கேட்டவரின் நிலைமை இது. ஆடிட்டர் ஆபீசில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பட்டுக்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார். ஆட்கள் வருகிறார்கள். ஆனால் செருப்பைக் கழற்றாமலே "வரி வருமா, வராதா" என்கிறார்கள். தெரியாது என்றால் மரியாதை போகிறது; உடனே ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு விவரம் வேறாக வருகிறது. "பக்கத்துத் தெருவுல ஒருத்தர் அறுபதாயிரம் ரீஃபண்ட் வாங்கிக் குடுத்தாராமே" என்று வேறு கேட்கிறார்கள். ராத்திரி போன், வீட்டில் முணுமுணுப்பு, ஃபீஸ் பாக்கி. பழைய ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதே வட்டாரம்தான், பேராவூரணி பக்கம். வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டும் பார்க்கிறேன். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) கிடையாது. ஊரில் எல்லோரும் "ஆடிட்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களையும் "ஆடிட்டரம்மா" ஆக்கியிருப்பார்கள். கூப்பிடுவதைத் தடுக்க முடியாது. போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் மட்டும் அந்தச் சொல் வேண்டாம். ஆடிட் தேவைப்படும் கணக்கு வந்தால் முதல் நாளே சி.ஏ.விடம் அனுப்பிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வார்த்தையில் கேட்பவரிடம் பதில் சொல்லாதீர்கள், திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். தெரியாது என்று சொன்னால்தான் மரியாதை போகும். சரியான ஒரு கேள்வியைக் கேட்டால் மரியாதை கூடும். "இவங்க விவரமா கேக்குறாங்கப்பா" என்று வெளியே போய்ச் சொல்வார்கள். எந்தச் சமாச்சாரத்துக்கு எந்தக் கேள்வி என்பதைத்தான் நீங்கள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடி பிறந்தால் நமக்கு ரிட்டர்ன் சீசன், ஊருக்கு, சாப்பாடு போட்டு மொய் வசூலிக்கும் மொய் விருந்து சீசன். பந்தலில் கறிக்குழம்பு சாப்பிட்ட ஆள் மறுநாள் நம்மிடம் வந்து, "மொய் வந்திருக்கு, பேங்க்ல போடலாமா, வரி உண்டா?" என்பார். திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: என்ன விசேஷம், யார் பேரில் வந்தது, யார் யார் கொடுத்தது?

சட்டத்தில் மொய் என்று ஒரு வகையே கிடையாது. 1961 சட்டத்தின் 56(2)(எக்ஸ்) பிரிவு, இனாமாக வரும் பணம் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானம் என்கிறது. தாண்டிய பகுதி மட்டும் இல்லை, முழுத் தொகையும். உறவினர் கொடுத்தால் விலக்கு. கல்யாணத்தின்போது வந்தால் விலக்கு. ஆனால் அந்தக் கல்யாண விலக்கு, யாருக்குக் கல்யாணமோ அவருக்கு மட்டும்தான். பெண்ணைப் பெற்றவர் தன் பேரில் எழுதி வாங்கிய மொய்க்கு, பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால், அந்த விலக்கு இல்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா எதுவும் கல்யாணம் ஆகாது. மொய் விருந்து சுத்தமாக ஆகாது.

அடுத்து, உறவினர் யார்? ஊர் சொல்லும் உறவு வேறு, சட்டம் சொல்லும் உறவு வேறு. தாய்மாமன் செய்த சீர் உறவினர் கணக்கில் வந்துவிடும். மச்சான், அக்கா வீட்டுக்காரர், சித்தப்பா, அத்தை எல்லோரும் வருவார்கள். சித்தப்பா மகன் வர மாட்டார். ஒரே வீட்டில் வளர்ந்திருந்தாலும், பங்காளி என்று ஊரே சொன்னாலும், சட்டத்துக்கு அவர் வெளியாள். இன்னொரு வேடிக்கை உண்டு. அத்தை மருமகனுக்குக் கொடுத்தால், அதாவது அண்ணன் மகனுக்குக் கொடுத்தால், விலக்கு. அதே அண்ணன் மகன் சம்பாதித்து அத்தைக்குக் கொடுத்தால் விலக்கு இல்லை. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பையன் வளர்த்த அத்தைக்குப் பணம் அனுப்பும் வீடுகள் நம் பக்கம் எத்தனை! இது தெரியாமல் "சொந்தம்தானே, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது விவரமான கட்சிக்காரர், அதாவது நம்மிடம் கணக்குக் கொடுப்பவர், ஒருவர் கேட்பார்: "மொய் இனாம் இல்லீங்க. நோட்டுல எழுதி வச்சு திருப்பிச் செய்யணும். அப்ப அது கடன்தானே?" நியாயமான வாதம். நம் பக்கத்தில் மொய் நோட்டு என்பது கிட்டத்தட்ட கடன் பேரேடுதான். ஆனால் கடன் என்று சொன்ன உடனே 269எஸ்.எஸ். பிரிவு எழுந்து நிற்கும். ஒருவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம். ஐநூறும் ஆயிரமும் கொடுத்தவர்களால் பிரச்சினை இல்லை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று செய்தவர்கள் பெயரில்தான் சிக்கல். இனாம் என்றால் ஒரு கதவில் இடிக்கும், கடன் என்றால் மறு கதவில் இடிக்கும். அதுபோக 269எஸ்.டி. என்று ஒன்று: ஒரே நிகழ்ச்சியை ஒட்டி ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. கல்யாணமானாலும் இது பொருந்தும்.

இதில் என் வழக்கம் என்னவென்றால், விருந்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். பெரிய தொகை செய்கிறவர்களிடம் கணக்கில் போடச் சொல்லுங்கள். மொய் நோட்டை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். வசூலைக் கடைப் பணத்தோடு கலக்காதீர்கள். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி வருமான வரித் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது கட்சிக்காரரின் ஏ.ஐ.எஸ். பட்டியலில், அதாவது அவரைப் பற்றித் துறைக்கு வந்த தகவல் தொகுப்பில், வந்து உட்காரும். நாளைக்கு "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது" என்று கேள்வி வந்தால் அந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி. கணக்குச் சொல்ல முடியாத பணம் என்று முடிவு கட்டிவிட்டால், 2025-26 வரையான வருமானம் என்றால் 1961 சட்டத்தின் 115பி.பி.இ. பிரிவில் சர்சார்ஜ், செஸ் எனும் கூடுதல் வரிகளும் சேர்ந்து 78 சதவீதம் போய்விடும். நோட்டை இனாம் என்று வாதாடுவதா, கைமாற்று என்று வாதாடுவதா என்பது அப்புறம் வக்கீலும் சி.ஏ.வும் பார்க்கிற வேலை. முடிவை நாம் வாசலில் நின்று சொல்லக் கூடாது.

மொய்க்கே இவ்வளவு நேரமா என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் பிழைக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நிலம். "விவசாய நிலம் வித்தேன், வரி இல்லைன்னு சொல்றாங்களே?" திருப்பிக் கேட்க வேண்டியது: எந்த ஊர், டவுன் எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, அதனால்தான் மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்துக்கான வரி) இல்லை. எது கிராமப்புறம்? நகராட்சி, பேரூராட்சி போன்றவற்றின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர். அதற்கு மேல் 8. பட்டுக்கோட்டைக்கு 2, தஞ்சாவூருக்கு 6. ரோடு சுற்றிப்போகும் தூரம் கணக்கில்லை, பறவை பறக்கிற நேர்த்தூரம். ஆளுக்கு ரோட்டில் மூன்று கிலோமீட்டர் வரும், நேர்க்கோட்டில் ஒன்றே முக்கால்தான் இருக்கும். அங்கேதான் மாட்டுவார்கள். அடங்கலில் பயிர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டாவில் புஞ்சை என்று இருந்தாலும் வருடக்கணக்காகக் கருவேலம் மண்டிக் கிடந்த மனை, விவசாய நிலம் என்ற வாதத்தில் நிற்காது.

வரி வரும் நிலம் என்றால் தேதியும் கேளுங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்தை இப்போது விற்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் 12.5 சதவீதத்தில் இண்டெக்ஸேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டுவது) இல்லாமல், அல்லது 20 சதவீதத்தில் இண்டெக்ஸேஷனோடு, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். தாத்தா காலத்து நிலமென்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ரெண்டு கணக்கும் போட்டுப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். அட்வான்ஸை ரொக்கமாக வாங்கினார்களா என்றும் கேளுங்கள், மேலே சொன்ன 20,000 ரூபாய் விதி சொத்து விற்கும் பணத்துக்கும் உண்டு. பெரும்பாலும் வாங்கியிருப்பார்கள். வாங்கி முடித்துவிட்டு வந்துதான் நம்மிடம் கேட்பார்கள், அது வேறு கதை.

"பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லையாமே, அப்ப நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?" இது 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு வந்த கேள்வி. திருப்பிக் கேட்க வேண்டியது: சம்பளம் தவிர என்ன வருமானம்? 12 லட்சம் வரை கிடைப்பது 87ஏ தள்ளுபடி. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே புதிய முறையில் ரிட்டர்ன் போட வேண்டும், கட்டும் வரி பூஜ்யமானாலும். தள்ளுபடி எல்லா வருமானத்துக்கும் கிடையாது. 2025-26இல் சம்பளம் 9 லட்சம், பங்கு விற்ற குறுகிய கால லாபம் 1 லட்சம் என்று ஒரு பையன் வருகிறான் என்று வையுங்கள். சம்பளத்துக்கு நிலைக்கழிவு 75,000 போக 8.25 லட்சம், அதற்கான 22,500 ரூபாய் வரி தள்ளுபடியில் போய்விடும். பங்கு லாபத்துக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 20,800 ரூபாய் கட்டித்தான் ஆக வேண்டும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்தானே என்று அவன் சண்டைக்கு வருவான். கணக்குத் தாளைக் காட்டுங்கள்.

அதே பையன் போனில் ஆப்ஷன்ஸ் (பங்குச் சந்தை ஒப்பந்த வணிகம்) விளையாடியிருப்பான். கேட்டால், "அதுல நஷ்டம்தான் சார், எதுக்குக் காட்டணும்?" என்பான். அது வியாபார வருமானம், ஐ.டி.ஆர்.-3 என்ற ரிட்டர்ன் படிவம் போட வேண்டும். நஷ்டமாக இருந்தாலும் கெடு தேதிக்குள் போட்டால்தான் எட்டு வருடம் வரை முன்னே எடுத்துப் போக முடியும். இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் விட்டிருப்பான், முதலில் தெரிந்துகொள்வது நாம்தான். நான் வரிக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை, "அப்பாகிட்ட சொல்லிட்டியா தம்பி" என்று கேட்டுவிடுவேன். கேட்கக் கூடாது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். இருக்கட்டும்.

நகை பற்றி ஒரு வதந்தி திரும்பத் திரும்ப வரும்: "பொம்பளைங்க அறுபது பவுனுக்கு மேல வச்சிருக்கக் கூடாதாமே?" அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. 1994 மே மாதம் வந்த ஒரு நேரடி வரி வாரியச் சுற்றறிக்கை, சோதனைக்குப் போகும் அதிகாரிகளுக்குச் சொன்னது அது: திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று. அதற்கு மேல் இருந்தால், வாங்கிய கணக்கோ சீதன விவரமோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை விளக்க இரண்டு நிமிடம் போதும், அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிடும்.

கடைக்காரர்கள் விஷயம் கொஞ்சம் கசப்பு. வங்கியில் கடன் கேட்கப் போகிறவர் வந்து, "மூணு வருஷ ரிட்டர்ன் வேணும், வருமானத்தை ஏத்திப் போடுங்க" என்பார். போன வருடம் "கம்மியா போடுங்க" என்று சொன்ன அதே ஆள். அவரிடம் கேட்க வேண்டியது: ஜி.எஸ்.டி.யில் எவ்வளவு விற்பனை காட்டியிருக்கிறீர்கள்? அந்தத் தொகை ஏ.ஐ.எஸ்.ஸில் தெரியும். வங்கிக்காரர் ரிட்டர்ன், ஜி.எஸ்.டி., ஏ.ஐ.எஸ். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் 44ஏ.டி. பிரிவில், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையில் கூட லாபம் இருந்தால் கூடக் காட்ட வேண்டியதுதான். இல்லாத வியாபாரத்தை உண்டாக்கிக் காட்ட அது வழி இல்லை. கமிஷன் வருமானம் அதற்குள் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்.ஐ.சி. முகவர்களுக்கு 44ஏ.டி.யில் போட்டுக் கொடுத்திருக்கும் பழைய ரிட்டர்ன்கள் உங்களிடம் வரும். உங்கள் கையால் அதைத் தொடர வேண்டாம்.

இனி அந்தப் பக்கத்துத் தெரு அறுபதாயிரம்.

ரீஃபண்ட் என்பது மளிகைக் கடையில் ஐநூறு ரூபாய் நீட்டினால் திரும்பி வரும் சில்லறை மாதிரி. கூடக் கொடுத்திருந்தால்தான் கூட வரும். டி.டி.எஸ். (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) எவ்வளவு பிடித்தார்கள், உண்மை வரி எவ்வளவு, மீதி எவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு. அதற்கு மேல் ஒருவர் வாங்கிக் கொடுத்திருந்தால், இல்லாத வீட்டு வாடகை, கட்டாத மருத்துவக் காப்பீடு, பெயரே கேள்விப்படாத அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று எதையோ எழுதியிருக்கிறார். 2025 ஜூலை 14 அன்று இப்படிப் பொய்க் கழிவு போட்டுக் கொடுத்தவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை போட்டது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்று துறை சொன்னது. ஆன்லைன் படிவத்திலும் இப்போது பாலிசி எண், காப்பீட்டு நிறுவனப் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. சும்மா ஒரு தொகையை அடித்துவிட்டுப் போக முடியாது.

கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: "அந்த அறுபதாயிரத்தை வட்டியோட திருப்பிக் கட்டச் சொல்வாங்க. தவறான தகவல் குடுத்ததுன்னா தப்பிச்ச வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம் தனி. நோட்டீஸ் உங்க பேருக்கு வரும், எழுதிக் குடுத்தவர் பேருக்கு வராது." நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது வேறு. பொய் ரிட்டர்ன் போடத் தூண்டியவருக்கும் 278ஆம் பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. ஒருவருக்கு அறுபதாயிரம் பெரிதாகத் தெரியாது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரே மாதிரி கழிவோடு நூற்றுக்கணக்கான ரிட்டர்ன் போனால் எளிதாகத் தெரியும்.

இதற்காகச் சில பேர் உங்களை விட்டுப் போவார்கள். போகட்டும். நோட்டீஸ் வந்ததும் திரும்பி வருவார்கள், அப்போது கேட்க வேண்டியது: எந்த வருடம்? திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடியவில்லை என்றால் அதைப் போடலாம். தாண்டிவிட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு வருடம் வரை வழி உண்டு, ஆனால் வரியோடும் வட்டியோடும் சேர்த்து 25, 50, 60, 70 சதவீதம் என்று ஒவ்வொரு வருடமும் கூடுதல் ஏறிக்கொண்டே போகும். துறை ஏற்கெனவே விசாரணை தொடங்கியிருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். தப்புச் செய்தவர் என்று அவரிடம் முகத்தைக் காட்டாதீர்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் ரிட்டர்னில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் நம் தொழில்காரர்களே. கட்சிக்காரரின் கணக்கில் தங்கள் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டு வைப்பார்கள். ஓ.டி.பி.க்கு அலைய வேண்டாம் என்ற வசதி. நோட்டீஸ் வந்தால் அந்தப் பழைய ஆளுக்குத்தான் போகும், அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பார். உங்களிடம் புதிதாக ஒருவர் வந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள், அவருடைய நம்பர், இல்லையென்றால் மகனுடைய நம்பர். ஓ.டி.பி. சொல்ல வயலிலிருந்து கரையேறி வர அவருக்கு நேரம் ஆகும்தான். ஆகட்டும்.

பெயர்த் தகராறும் அப்படியே. நமக்கு இனிஷியல்தான் பெயர். பான் கார்டுக்காரர்களோ குடும்பப் பெயர் கேட்டு, அப்பா பெயரை அங்கே விரித்து எழுதிவிட்டார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. ரீஃபண்ட் அங்கேயே நின்றுவிடும். சீசன் தொடங்கும் முன், ஏப்ரல் மே மாதத்திலேயே வங்கிக் கணக்கைப் போர்ட்டலில் சரிபார்த்து வைத்துவிட்டால் ஜூலையில் பாதித் தலைவலி குறையும்.

கணவரை இழந்த பெண்கள் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். இறந்தவரின் ரிட்டர்னை வாரிசாகப் பதிவு செய்துதான் போட வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் அந்த நேரத்தில் மனதில் நிற்காது. குடும்ப ஓய்வூதியம் சம்பளம் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதற்கு 75,000 கழிவு கிடையாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான். இப்படி வரும் வேலைக்கு நான் ஃபீஸ் கேட்பதில்லை. இது விதி இல்லை, என் இஷ்டம்.

சின்ன ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பி இருவரும் உங்களிடமே வருவார்கள். "அவன் எவ்வளவு காட்டியிருக்கான்?" என்று அண்ணன் சாதாரணமாகக் கேட்பார். கணவர் வந்து மனைவியின் டெபாசிட் எவ்வளவு என்பார். "உங்க கணக்கை அவங்க கேட்டாலும் நான் சொல்ல மாட்டேங்க" என்ற ஒரு பதில் எல்லோருக்கும் பொருந்தும், கோபமும் வராது. முன்னறையில் வேலை செய்கிறீர்கள், அதனால் ஒருவரின் காகிதம் மேசையில் இருக்கும்போது அடுத்தவரை உள்ளே உட்கார வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் திரை வாசலைப் பார்த்து இருக்க வேண்டாம்.

வீட்டு முணுமுணுப்புக்கு வருவோம். நம் மாதத்தை நாள்காட்டி ஏற்கெனவே பங்கு போட்டுவிட்டது. 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்டுவது, 11 ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை விவரம், 20 ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற வரி ரிட்டர்ன், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவர்களுக்கு நம் மாநிலத்தில் 22. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதி அட்வான்ஸ் வரி. இவை போக மிஞ்சுவது 23க்கு மேல் மாதக் கடைசி வரை. ஜூலை, செப்டம்பர், அக்டோபர், மார்ச் தவிர மற்ற மாதங்களில் அந்த ஒரு வாரம் உங்களுடையது. கோயில், மருத்துவர், பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். நாள்காட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. எந்த நாளில் நீங்கள் எரிந்து விழுவீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கெடு நீட்டிப்பை நம்பி மட்டும் வாழாதீர்கள். 2025இல் ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கினார்கள். எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 15 அட்வான்ஸ் வரிக்கும் கடைசி நாள், போர்ட்டல் திணறியது, அன்று ராத்திரி வெகு நேரம் கழித்து இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். முன்கூட்டியே காகிதம் கொடுத்தவர்களின் வேலையை ஜூலையிலேயே முடித்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் உங்களுக்கென்று ஒரு கெடு வையுங்கள்: ஜூலை 20க்குள் காகிதம் வந்தால் ஒரு ஃபீஸ், பிறகு வந்தால் கூடுதல் ஃபீஸ். சுவரில் எழுதி ஒட்டுங்கள். வாயால் சொன்னால் பேரம், எழுதி ஒட்டினால் விலை.

ஃபீஸை ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று ஒருபோதும் பேசாதீர்கள். பக்கத்துத் தெருக்காரர் கெட்டது அந்த இடத்தில்தான். பாதி முன்பணம், மீதி இ-வெரிஃபை (போட்ட ரிட்டர்னை ஆன்லைனில் உறுதி செய்வது) செய்யும் முன். ரிட்டர்ன் போட்ட பிறகு 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும் என்பதால் அதை நீங்கள் பிடித்து வைத்து மிரட்டக் கூடாது, நஷ்டம் அவருக்கு. அதனால் சமர்ப்பிக்கும் முன்பே வாங்கிவிடுவது இன்னும் நல்லது. சொந்தக்காரர்களிடமும் வாங்குங்கள். குறைத்து வாங்குங்கள், ஆனால் வாங்குங்கள்; ஓசி வேலைக்குத்தான் ராத்திரி பதினொரு மணி போன் வரும்.

அந்த ராத்திரி போனுக்கு என் வழி: எடுப்பதில்லை, "காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, பத்துக்குச் சொன்னபடி கூப்பிடுவது. இரண்டாவது பாதியைத் தவறாமல் செய்தால் முதல் பாதியை மன்னித்துவிடுவார்கள். தொலைபேசியில் எந்தத் தொகையும் சொல்லாதீர்கள். கேட்டதையும் சொன்னதையும் இரண்டு வரி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். "நீங்கதான் அன்னிக்கு வரி இல்லைன்னீங்க" என்று மார்ச்சில் ஒருவர் வந்து நிற்கும்போது அது உதவும்.

கடைசியாக, நான் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி. 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 536 பிரிவுகள், எண்கள் எல்லாம் மாறுகின்றன, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் "வரி ஆண்டு" வருகிறது. 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்னும், அதற்கு முந்தைய வருட நோட்டீஸ்களும் பழைய சட்டத்தில்தான் நடக்கும். ஆகவே பழைய புத்தகத்தைப் பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சில வருடத்துக்கு இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். புதிதில் முதலில் 44ஏ.டி.யும் இனாம் பிரிவும் எங்கே போயிருக்கின்றன என்று தேடிக் குறித்து வையுங்கள், உங்கள் வாசலுக்கு அதிகம் வருவது அவைதான்.